பழைய போனும் பெரிய மாமாவும்

போன மாதம் அம்மாவுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தேன். பழையதுக்கு ஏழு வயசு. ஸ்கிரீனில் குறுக்கே ஒரு விரிசல். காலையில் முழு சார்ஜ் போட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் படுத்துவிடும். பேத்தி அனுப்பும் வீடியோ ஒன்றுகூடத் திறக்காது. 'இடமில்லை, இடமில்லை' என்று தினமும் அழுதுகொண்டிருந்தது.

கடையில் இருந்த தம்பி கெட்டிக்காரன். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏதோ தட்டினான். முக்கால் மணி நேரத்தில் கான்டாக்ட், போட்டோ, வாட்ஸ்அப் அரட்டை, காலை ஐந்தரை மணி அலாரம், எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிட்டன. "எல்லாம் வந்துடுச்சு பாட்டி. பழசை அழிச்சிட்டு எக்ஸ்சேஞ்ச்ல போட்டுடலாமா?" என்றான்.

அம்மா பதில் சொல்லவில்லை. பழைய போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டார்.

ஆட்டோவில் வரும்போது கேட்டார்: "ஏண்டா, எல்லாம் இதுக்குள்ள வந்துடுச்சுன்னா, அதுக்குள்ள இப்போ என்ன இருக்கு?"

"அதுலயும் எல்லாம் இருக்கும்மா. காப்பிதானே பண்ணினான்."

"அப்போ எதுடா என் போன்?"

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்தப் பையன் அழிச்சிடலாமான்னு கேட்டானே... அழிச்ச பிறகு போன் அப்படியேதான் இருக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது. அப்படித்தானா அண்ணன் இப்போ?" என்றார்.

அப்போதுதான் புரிந்தது, பேச்சு போனைப் பற்றியது இல்லை என்று. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அம்மா கும்பகோணம் போய்த் தன் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

பெரிய மாமாவுக்கு 79 வயசு. மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் நாற்பது வருஷத்துக்கு மேல் தையல் கடை வைத்திருந்தவர். மூன்று வருஷமாக மறதி. அல்சைமர் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். முதலில் சாவியை மறந்தார், பிறகு தெருவை, பிறகு பெயர்களை. அம்மாவைப் பார்த்ததும், "யாரும்மா நீங்க? உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறார். பெயர் மறந்ததைவிட அந்த 'நீங்க'தான் அம்மாவைச் சுட்டுவிட்டது. எழுபது வருஷமாக 'பாப்பா' என்றும் 'வாடி, போடி' என்றும் மட்டுமே பேசிய வாய்.

ஆனால் பத்து நிமிஷம் கழித்து ஒன்று நடந்தது. மாமாவின் பார்வை அம்மாவின் புடவைக் கரையில் போய் நின்றது. "ஃபால்ஸ் பிரிஞ்சிருக்கே. நடக்கும்போது கால்ல மாட்டும்" என்றார். அத்தையைக் கூப்பிட்டு ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னார். தரையில் உட்கார்ந்து, புடவை விளிம்பை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு முழ நீளத்துக்குத் தைத்துக் கொடுத்தார். நான் அந்தத் தையலைப் பார்த்தேன். வெளிப்பக்கம் புள்ளிகூடத் தெரியவில்லை.

தங்கையைத் தெரியாத ஆளுக்குத் தங்கையின் புடவையில் பிரிந்த நூல் தெரிகிறது. அப்படியானால் அவர் உள்ளே இருக்கிறாரா, இல்லையா? இதுதான் அம்மாவின் கேள்வி. இந்த வாரம் எழுதுவதற்கு வேறு விஷயம் தயாராக வைத்திருந்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டேன்.

'நான் என்பது எது' என்பது பழைய கேள்வி. அதை உடம்பு மாற்றிப் பார்த்து யோசிப்பதும் பழைய வழிதான். கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே சாத்தனூரில் நடந்ததாக ஒரு கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. மாடு மேய்க்கும் மூலன் இறந்துபோகிறான். மாடுகள் அவன் உடலைச் சுற்றி நின்று கதறுகின்றன. அந்த வழியே வந்த யோகி ஒருவர் மனமிரங்கி மூலனின் உடம்புக்குள் புகுந்து எழுகிறார். அவர்தான் திருமூலர். மாடுகள் சமாதானமாகிவிடுகின்றன. ஆனால் தேடி வந்த மனைவியிடம், எனக்கும் உனக்கும் உறவில்லை என்று சொல்லிவிடுகிறார். சின்ன வயதில் கேட்டபோது திருமூலரின் பெருமை மட்டும்தான் காதில் விழுந்தது. இப்போது அந்தப் பெண்ணைத்தான் நினைக்கிறேன். மாடுகளுக்கு உடம்பு போதுமாக இருந்தது. அவளுக்கு?

ஜான் லாக் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1694-ல் கிட்டத்தட்ட இதே கதையை வேறு மாதிரி எழுதினார். ஓர் இளவரசனின் நினைவுகள் எல்லாம் ஒரு செருப்புத் தொழிலாளியின் உடம்புக்குள் போய்விட்டால், எழுந்து உட்காருவது யார்? இளவரசன்தான் என்றார் லாக். உடம்பு முக்கியமில்லை, நினைவு எங்கே போகிறதோ அங்கேதான் ஆள். கடைத் தம்பியும் அதைத்தான் சொன்னான்: டேட்டா வந்துடுச்சு, பழசு எதுக்கு?

ஆனால் லாக்குக்கு வராத ஒரு சிக்கல் நமக்குப் போன் கடையிலேயே வந்துவிட்டது. டேட்டா ஓரிடத்தை விட்டு இன்னோரிடத்துக்குப் 'போவதில்லை'. நகல் எடுக்கப்படுகிறது. முக்கால் மணி நேரத்தின் முடிவில் அம்மாவிடம் ஒரே அரட்டையோடு இரண்டு போன்கள் இருந்தன. ஆளைத் தீர்மானிப்பது தகவல்தான் என்றால், ஒரே ஆள் இரண்டு பேராக இருக்க முடியுமா? டெரக் பார்ஃபிட் என்ற தத்துவ அறிஞர் 1984-ல் வந்த தன் புத்தகத்தில் இதே முடிச்சைப் போட்டார். பூமியில் ஒரு பெட்டிக்குள் ஏறினால் உங்கள் உடம்பின் முழு விவரமும் பதிவாகி, செவ்வாய் கிரகத்தில் அச்சு அசலாக ஒருவர் உருவாகிறார். பூமியில் இருப்பவரும் அழியாமல் நிற்கிறார். இருவரில் நீங்கள் யார்? பார்ஃபிட் சொன்ன பதில் பலருக்குப் பிடிக்காது: அந்தக் கேள்வியே அவ்வளவு முக்கியமில்லை என்றார் அவர். எதோடு எது தொடர்ந்து வருகிறது என்பதைப் பாருங்கள், 'அதே ஆளா' என்பதைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள் என்பது அவர் கட்சி.

லாக்குக்கு அதற்கு முன்பே ஸ்காட்லாந்திலிருந்து ஓர் அடி விழுந்திருந்தது. 1785-ல் தாமஸ் ரீட் ஒரு கதை சொன்னார். பழத்தோட்டத்தில் திருடி அடி வாங்கிய பையன், வளர்ந்து போரில் எதிரியின் கொடியைப் பறித்த அதிகாரியாகிறான், வயதான பிறகு தளபதியாகிறான். அதிகாரிக்குத் தான் அடி வாங்கியது ஞாபகமிருக்கிறது. தளபதிக்குக் கொடியைப் பறித்தது ஞாபகமிருக்கிறது. ஆனால் அடி வாங்கியது சுத்தமாக மறந்துவிட்டது. லாக் கணக்குப்படி தளபதியும் அதிகாரியும் ஒரே ஆள். அதிகாரியும் பையனும் ஒரே ஆள். ஆனால் தளபதியும் பையனும் வேறு வேறு ஆள்! இது எங்காவது பொருந்துமா?

பொருந்தாதுதான். நம் எல்லோருக்கும் மூன்று வயசு வரை நடந்தது ஏறக்குறைய ஒன்றுமே நினைவில்லை. அதற்காக அந்தத் தொட்டில் குழந்தை நாமில்லை என்று யாரும் சொல்வதில்லை. ஞாபகம் மட்டும்தான் ஆள் என்ற கணக்கு, நல்ல நினைவோடு இருப்பவர்களிடமே இடிக்கிறது. மாமாவிடம் மட்டும் ஏன் அதைக் கறாராகக் கேட்க வேண்டும்?

சரி, மறதிக்கு வருவோம். மறதி என்றால் ஹார்ட் டிஸ்க் அழிவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதை மாற்றியவர் ஒரு நோயாளி. அவர் பெயர் ஹென்றி மொலாய்சன். அவர் இறக்கும் வரை உலகம் அவரை 'ஹெச்.எம்.' என்ற இரண்டு எழுத்தால் மட்டுமே அறிந்திருந்தது.

1926-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். கடுமையான வலிப்பு நோய். மருந்து எதற்கும் அடங்கவில்லை. 1953-ல், அவருக்கு 27 வயசில், வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை நிபுணர் அவர் மூளையின் இரண்டு பக்கமும் உட்புறத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்தார். அதில் ஹிப்போகேம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதியும் போய்விட்டது. பார்க்கக் கடல் குதிரை மாதிரி இருக்கும் என்பதால் அந்தப் பெயர். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து அவருக்குப் புதிதாக எதுவும் ஞாபகத்தில் நிற்கவில்லை. சின்ன வயதுக் கதைகளைச் சொல்வார். புத்தி கூர்மை குறையவில்லை, குறுக்கெழுத்துப் போட்டி போடுவார். ஆனால் அறையை விட்டு வெளியே போன டாக்டர் சற்று நேரத்தில் திரும்பி வந்தால், புதிதாகப் பார்ப்பதுபோல வணக்கம் சொல்வார்.

கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது எளிதில் புரியும். திறந்திருக்கும் பக்கத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். 'சேவ்' பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை. பக்கத்தை மூடினால் போச்சு.

கனடாவிலிருந்து வந்த பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞர் அவரிடம் ஒரு சோதனை செய்தார். காகிதத்தில் இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம். இரண்டு கோட்டுக்கும் நடுவே பென்சிலால் வரைய வேண்டும். ஆனால் காகிதத்தை நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். வீட்டில் செய்து பாருங்கள், கை எதிர்த்திசையில் ஓடும். ஹென்றிக்கும் முதல் நாள் அப்படித்தான். மூன்று நாள் பயிற்சிக்குப் பிறகு அழகாக வரைந்தார். ஒவ்வொரு நாளும், இந்தச் சோதனையை இதற்கு முன் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. அவருக்குத் தெரியாத ஒன்றை அவர் கை தெரிந்து வைத்திருந்தது.

இந்த முடிவு 1962-ல் வெளியானது. அதற்குப் பிறகு 'ஞாபகம்' என்ற சொல்லை ஒருமையில் சொல்ல முடியாமல் போய்விட்டது. நடந்ததை நினைவில் வைப்பது ஒரு வழி, செய்யக் கற்றுக்கொண்டதைக் கையில் வைப்பது இன்னொரு வழி. இரண்டும் மூளையில் வெவ்வேறு பகுதிகளை நம்பியிருக்கின்றன. சைக்கிள் ஓட்டுவது, கோலம் போடுவது, ஹெம்மிங் தைப்பது எல்லாம் இரண்டாவது வகை. அல்சைமர் நோய் பெரும்பாலும் ஹிப்போகேம்பஸ் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. அதனால் பெயரும் முகமும் நேற்றைய சாப்பாடும் முதலில் போகின்றன. கைப்பழக்கம் பல பேருக்கு நெடுநாள் நிற்கிறது. எல்லோருக்கும் அப்படி என்றோ கடைசி வரை என்றோ சொல்ல முடியாது. ஆனால் மாமாவின் ஊசி ஏன் தடுமாறவில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

ஹென்றியின் கதையில் எனக்குப் பிடித்தது நட்சத்திரம் இல்லை. சூசன் கார்கின் என்ற ஆய்வாளர் அவரோடு நாற்பது வருஷத்துக்கு மேல் பழகினார். கடைசி வரை ஹென்றிக்கு அவர் யாரென்று தெரியாது. ஆனால் தெரிந்த முகம் என்று மட்டும் தோன்றும். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவரோ என்று நினைத்துக்கொள்வார். தன்னைச் சோதிப்பவர்களிடம் கோபப்படாமல், கேலியாக ஏதாவது சொல்லிக்கொண்டு, மற்றவர்களுக்கு உதவியாக இருந்தால் சரி என்று இருந்த மனிதர் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பாதி நினைவு போன பிறகும் அது போகவில்லை. அவர் 2008-ல் 82 வயசில் இறந்தார். மூளையைச் சான் டியேகோவில் 2,401 மெல்லிய சீவல்களாக வெட்டிப் பாதுகாத்திருக்கிறார்கள். அதில் எந்தச் சீவலில் அந்தப் பொறுமை இருக்கிறது என்று கேட்டால் யார் காட்டுவார்கள்?

அம்மாவை அழவைத்த இன்னொரு விஷயம் உண்டு. அவர் கிளம்பும்போது அத்தை மாமாவிடம், "வந்திருக்கிறது யார்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டிருக்கிறார். மாமா யோசிக்கவே இல்லை. "சீட்டுப் பணம் வாங்க வந்தவங்க" என்று பட்டென்று சொல்லிவிட்டார். "தெரியலைன்னு சொன்னாக்கூட பரவால்லடா. எதுக்குப் பொய் சொல்லணும்?" என்றார் அம்மா.

அது பொய் இல்லை. இதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. வலிப்பு நோய்க்காக இடது மூளைக்கும் வலது மூளைக்கும் இடையே உள்ள இணைப்பை வெட்டப்பட்டவர்கள் சிலர் உண்டு. மைக்கேல் கசானிகா என்ற விஞ்ஞானியும் அவர் குழுவும் 1970-களில் அப்படிப்பட்ட ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு படம் காட்டினார்கள். பேசும் திறமையுள்ள இடது மூளைக்குத் தெரிந்தது கோழிக்கால். பேசாத வலது மூளைக்குத் தெரிந்தது பனி மூடிய வீடு. பொருத்தமான படத்தை எடுக்கச் சொன்னபோது வலது கை கோழியைக் காட்டியது, இடது கை பனி அள்ளும் மண்வெட்டியைக் காட்டியது. ஏன் மண்வெட்டி என்று கேட்டார்கள். பனி என்ற விஷயமே பேசும் பாதிக்குத் தெரியாது. ஆனால் அது தயங்கவில்லை. கோழிக்கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வெட்டி வேண்டுமே என்றது!

கசானிகா இதை 'மொழிபெயர்ப்பாளர்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து அழைத்தார். எனக்கு என்னவோ ஆபீஸ்களில் இருக்கும் மக்கள் தொடர்பு அதிகாரிதான் ஞாபகத்துக்கு வருகிறார். உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கே தெரியாது. ஆனால் நிருபர் மைக்கை நீட்டினால் பதில் சொல்லியாக வேண்டும், சொல்லிவிடுவார், அதை நம்பவும் செய்வார். நம் எல்லோர் தலைக்குள்ளும் இந்த அதிகாரி இருக்கிறார். நமக்கு உள்ளேயிருந்து தகவல் வந்துகொண்டிருப்பதால் அவர் குட்டு வெளிப்படுவதில்லை. மாமாவின் அதிகாரிக்குத் தகவல் வருவது நின்றுவிட்டது. வீட்டுக்கு ஓர் அம்மா வந்திருக்கிறார், தெரிந்த முகம், கையில் பை. நாற்பது வருஷம் கடை நடத்தியவருக்கு அதற்கு என்ன அர்த்தம்? சீட்டுப் பணம்தான். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், தயவுசெய்து அவர்களைப் பரீட்சை வைக்காதீர்கள். "நான் யார் சொல்லு" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "நான் பாப்பா வந்திருக்கேன்" என்று நாமே சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

நம் அதிகாரி மட்டும் என்ன ஒழுங்கு? 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தி கேட்டபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள் என்று எழுதி வாங்கிவைத்தார் உல்ரிக் நைசர். இரண்டரை வருஷத்துக்கு மேல் கழித்து அவர்களில் 44 பேரிடம் மறுபடி கேட்டார்கள். பல பேர் முற்றிலும் வேறு கதை சொன்னார்கள், அதுவும் அடித்துச் சொன்னார்கள். தங்கள் கையெழுத்திலேயே இருந்த பழைய பதிலைக் காட்டியும் புதிய ஞாபகம் மாறவில்லை. ஸ்கிரீன்ஷாட்டை மறுபடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை ஒருவர் ஓரம் வெட்டி, இன்னொருவர் எழுத்துச் சேர்த்து அனுப்புவது மாதிரிதான் ஞாபகம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் மாற்றிச் சேமிக்கிறோம். எங்கள் வீட்டில் மாமாவின் முதல் தையல் மிஷினுக்குப் பணம் கொடுத்தது தாத்தாவா சித்தப்பா தாத்தாவா என்று இருபது வருஷமாகத் தகராறு. இரண்டு கட்சியிலும் நேரில் பார்த்த சாட்சிகள் உண்டு.

அப்படியானால் 'நான்' என்று நாம் சொல்வது எதை? போன் ஸ்கிரீனில் ஒரு சின்னப் பச்சை வட்டம் இருக்கிறது. தொட்டால் அண்ணன் பேசுகிறார். அதற்குப் பின்னால் டவர், சிக்னல், கோடிக்கணக்கான கணக்குகள். எதுவும் நமக்குத் தெரிய வேண்டியதில்லை. ஜெராக்ஸ் நிறுவனத்தின் கலிஃபோர்னியா ஆய்வுக்கூடத்தில் 1970-களில் ஆலன் கே குழுவினர் இப்படித் திரைகளை வடிவமைத்தபோது, பயன்படுத்துபவருக்காக உருவாக்கும் ஒரு மாயத் தோற்றம் என்றே இதைச் சொன்னார்கள். டேனியல் டென்னட் 1991-ல் அந்தச் சொல்லைக் கடன் வாங்கினார். உள்ளே ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்து உத்தரவிடுவதாக நமக்குத் தோன்றும் அந்த 'நான்', மூளை தன் வசதிக்கு வைத்திருக்கும் ஐகான் என்றார். எல்லோரும் இதை ஏற்கவில்லை. பொய்த்தோற்றம் என்றால் அந்தத் தோற்றம் யாருக்குத் தெரிகிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆனால் ஓர் இடத்தில் டென்னட் உதவுகிறார். ஐகான் அழிந்துவிட்டால் பின்னால் எல்லாம் அழிந்ததாக அர்த்தமில்லை.

கம்ப்யூட்டர் உதாரணம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். போனில் பெட்டி வேறு, உள்ளே இருப்பது வேறு. அதனால்தான் முக்கால் மணியில் மாற்ற முடிந்தது. மூளையில் அப்படி இல்லை. ஒன்றைக் கற்றுக்கொண்டால் நரம்புகளுக்கு இடையே உள்ள இணைப்பே மாறுகிறது. மாமாவின் நாற்பது வருஷத் தையல் ஒரு ஃபைலாக அவர் மூளையில் இல்லை. மூளையே அந்தத் தையலுக்கு ஏற்ற உருவத்துக்கு வந்துவிட்டது, கட்டைவிரல் காய்த்துப்போனது மாதிரி. ஏழு வருஷத்துக்கு ஒரு முறை உடம்பின் எல்லா செல்லும் மாறிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருமே, அதுவும் சரியில்லை. சிவப்பு அணுக்கள் சுமார் 120 நாளில் மாறும். ஆனால் மூளைப் புறணியின் நரம்புச் செல்களில் பெரும்பாலானவை பிறந்ததிலிருந்து கூடவே வருகின்றன. கூடு மாறாமல் அதே கூட்டிலேயே நடக்கிற காரியம் இது. அதை நான் ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராம் என்று நினைத்துக்கொள்கிறேன். ஒரே ப்ரோக்ராம் இல்லை, பல. மாமாவிடம் ஒன்றிரண்டு நின்றுவிட்டன. பல இன்னும் ஓடுகின்றன. நாளைக்கு இன்னொன்று நிற்கும். 'இருக்காரா, இல்லையா' என்பது ஆமாம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியே இல்லை. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "இதைச் சொல்ல இவ்வளவு சுத்தணுமா?" என்றார்.

கடைசியாக ஒன்று. ஆண்டி கிளார்க், டேவிட் சால்மர்ஸ் என்ற இரண்டு தத்துவப் பேராசிரியர்கள் 1998-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஆட்டோ என்று ஒரு கற்பனை மனிதர். அவருக்கும் அல்சைமர். எங்கே போனாலும் ஒரு நோட்டு வைத்திருப்பார். நியூயார்க்கில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டுமானால் நோட்டைத் திறந்து முகவரி பார்த்துப் போவார். நினைவில் இருந்து போகிறவருக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம், அந்த நோட்டு அவர் மனத்தின் ஒரு பகுதிதானே என்று கேட்டார்கள். மெமரி கார்டை வெளியே செருகினாலும் அது போனின் மெமரிதானே, அது மாதிரி. படித்தபோது கொஞ்சம் ஓவர் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் முன்பு அம்மாவோடு நானும் கும்பகோணம் போனேன். அத்தை பரண் மேலிருந்து மாமாவின் அளவு நோட்டுகளை இறக்கி வைத்திருந்தார். தையல்காரர்களுக்கு அதுதான் உயிர். யாருக்கு எத்தனை இன்ச் தோள், எத்தனை இன்ச் கை, எல்லாம் அதில் இருக்கும். ஒன்றில் அம்மாவின் பக்கத்தைக் கண்டுபிடித்தோம். மேலே பெயர் இல்லை, 'பாப்பா' என்று மட்டும். கீழே ஜாக்கெட் அளவு, பென்சிலில். கல்யாணத்துக்கு முன்பு எடுத்தது.

அம்மா அதை மாமாவிடம் நீட்டினார். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தார். பிறகு அம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"இது பத்தாது. இப்போ உடம்பு போட்டிருக்கு. புதுசா அளவு எடுக்கணும். டேப் எங்க?" என்றார்.

அத்தை டேப்பைத் தேடிக் கொடுத்தார். தோள் அளவு சரியாக எடுத்தார். கை அளவு எடுக்கும்போது எதற்கு எடுக்கிறோம் என்பது மறந்துவிட்டது. டேப்பைச் சுருட்டி அம்மா கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். யாரென்று அன்றும் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

பழைய போன் இப்போது அம்மாவின் பீரோவில் இருக்கிறது. வாரம் ஒரு முறை சார்ஜ் போடுகிறார். இந்த ஞாயிறு மறுபடி கும்பகோணம். ஃபால்ஸ் தைக்காத புடவை இரண்டைப் பையில் எடுத்து வைத்திருக்கிறார்.